கொத்தனார் வருவதற்குள் கம்பித் தட்டு குறித்துச் சில குறிப்புகள்

திண்டுக்கல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை பாண்டியராஜ் அவர்களுக்கு,

உங்கள் பெரிய மாமா தங்கமுத்து எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா பெருமாயியும் உடம்பளவில் நலம். மனத்தளவில் அவள் நலம். சேவுகம்பட்டியில் உங்கள் புது வீட்டு வேலை முடியும் நிலைக்கு வந்துவிட்டது என்றும், பின்பக்கத்தில் விசேஷ நாள் சமையலுக்கான விறகடுப்பைக் கட்ட வருகிற வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார் என்றும் தெரிந்துகொண்டேன். நீங்கள் சின்ன மாமா அழகுராஜாவிடம் போனில் சொல்லி, அவர் என்னிடம் சொன்னார். முதலில் அவரிடம் சொன்னதில் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. அவருடைய எண் உங்கள் போனில் மேலே இருந்திருக்கும். அகர வரிசை அப்படி.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறீர்கள். வீட்டில் இருக்கும் எல்லோரும் கேட்கிறார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பாதி வாக்கியம் தொண்டையில் நின்றுவிடுகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதலாம் என்றால், நான் எது எழுதினாலும் அழகுராஜா உடனே கைதட்டும் படம் ஒன்று போடுகிறார். பாராட்டுகிறாரா, கிண்டல் செய்கிறாரா என்று யோசித்தே எனக்கு இரண்டு நாள் போய்விடுகிறது. ஆகவே கடிதம். சொல்ல வருவதைக் கீழ்க்கண்டவாறு வகுத்துக்கொண்டேன்:

1. அடுப்புக்குக் கம்பித் தட்டு ஏன் முக்கியம்.
2. என் தட்டு உருவான விதம்.
3. அழகுராஜாவின் தட்டில் நான் கண்ட குறைகள்.
4. இந்த விஷயத்தில் உங்கள் அக்காவின் கருத்தை ஏன் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது.
5. என் வேண்டுகோள்.

முதல் குறிப்பு. விறகடுப்பில் நெருப்பைத் தரையில் போட்டு எரித்தால் அதற்கு மூச்சு முட்டும். அடியில் சாம்பல் சேரும், காற்று நுழையாது, புகைதான் வரும். விறகைத் தரையிலிருந்து உயர்த்தி ஒரு கம்பித் தட்டின்மேல் வைத்தால், கம்பிகளுக்கு இடையே கீழிருந்து காற்று ஏறும். சாம்பல் தானாகக் கீழே உள்ள குழியில் விழும். நெருப்பு சுத்தமாக எரியும், விறகு குறையும், சமைப்பவர் கண்ணைக் கசக்க வேண்டியதில்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் பாலிடெக்னிக்கில் வாழ்நாள் முழுவதும் பாடம் நடத்தியவன் நான். தெரிந்ததிலிருந்து தொடங்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: கம்பித் தட்டைச் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டால் பூசியதுதான். நாளைக்கு உங்கள் மகள் ஜீவிதா கல்யாணத்துக்கும் அந்த அடுப்பில்தான் சமைப்பீர்கள். வருகிறவர்கள் எல்லாம் "யார் செஞ்ச தட்டுப்பா இது?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வரப்போகும் பதில்தான் என்னைச் சரியாகத் தூங்கவிடாமல் செய்கிறது. உங்கள் மூத்த அக்காவை நான் கட்டினேன், இளைய அக்கா ஜக்கம்மாளை அழகுராஜா கட்டினார். அன்று முதல் உங்கள் வீட்டு விசேஷங்களில் எனக்கு மாலையும் அவருக்குக் கைதட்டலும் கிடைத்துவருகின்றன. மாலை வாடிவிடுகிறது, மாப்பிள்ளை.

இரண்டாம் குறிப்பு. ஜீவிதாவின் காதணி விழாவில் நீங்கள், "புது வீட்டுல வெளியடுப்பு ஒண்ணு போடணும் மாமா, கேஸ்ல வச்ச பிரியாணி பிரியாணியாவா இருக்கு" என்று சொன்னபோது நான் அருகில்தான் இருந்தேன். கம்பித் தட்டை நானே வடிவமைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சரியான சொற்களைத் தேர்ந்துகொண்டிருக்கும்போதே அழகுராஜா, "அட விடு மாப்ள, நான் ஒண்ணு செஞ்சு தாரேன்" என்றுவிட்டார். பூட்டுப் பட்டறை நடத்தியவர். எதையும் பூட்டிவிடுவதில் கெட்டிக்காரர். நான் "நானும்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. உங்கள் அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும், "செய்யுங்களேன், யாரு வேணாம்னா" என்றாள்.

செய்தேன். சாதாரணத் தட்டுகளில் கம்பி உருண்டையாக இருக்கும். இடுக்கில் மாட்டிய கரித்துண்டு கீழேயும் போகாது, மேலேயும் வராது. என் முன்னேற்றம் என்னவென்றால், கம்பியின் மேற்பக்கம் அகலமாகவும் அடிப்பக்கம் குறுகலாகவும் இருக்கும். ஆகவே இடுக்கு கீழே போகப் போக விரியும். உள்ளே நுழைந்த சாம்பல் வழியில் எங்கும் சிக்காது. மரத்தில் அச்சு செய்து, வார்ப்புப் பட்டறையில் கொடுத்து வார்ப்பிரும்பில் வார்த்து வாங்கினேன். அடிப்பக்கத்தை நானே அரத்தால் ராவினேன். மணிக்கட்டு வலி வந்ததால் பாதியில் விட்டேன். எடுத்துக் கழுவும்போது துவைக்கும் கல்லில் விழுந்து ஒரு மூலை கொஞ்சம் உதிர்ந்தது. பரவாயில்லை என்று அடுப்பில் வைத்துக் கொட்டாங்குச்சியைப் போட்டு எரித்தால், தணல் துண்டுகள் இடுக்கு வழியாகப் பொலபொலவென்று கீழே விழுகின்றன. இடைவெளியைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று தோன்றியது. உங்கள் அக்கா, "நல்லாத்தானேங்க எரியுது, சின்னக் கரி நாலு விழுந்தா என்னவாம்?" என்றாள். என் மனம் நோகாமல் இருப்பதற்காகச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாதா? அந்தத் தட்டைப் பழைய இரும்புக்காரருக்குப் போடச் சொல்லிவிட்டு, இடைவெளியைப் பாதியாகக் குறைத்து இரண்டாவது தட்டு வார்த்தேன். அதுதான் இப்போது என்னிடம் இருப்பது. அதிலிருந்து ஒரு துண்டுத் தணல் கீழே விழாது. உண்மையைச் சொன்னால், சாம்பலும் விழாது. செத்த நேரம் எரிந்ததும் புகை கொஞ்சம் வருகிறது. பக்கத்து வீட்டுக் காதர் பீவி மதில்மேல் தலையை நீட்டி, "என்ன சார், ஊட்டுக்குள்ள செங்கச் சூளை வச்சிட்டீங்களா? எங்க ஊட்டுக்காரரு வெள்ளைச் சட்ட போட்டுட்டு ஜும்மாவுக்குப் போனாரு, 'எங்க தீப்புடிச்சுது பாய்?'ன்னு ஆளாளுக்கு விசாரிச்சிருக்காக!" என்றார். ஆராய்ச்சி என்றால் புகை இருக்கத்தான் செய்யும் என்று சொல்ல நினைத்தேன். "மன்னிச்சுக்கங்கம்மா" என்றுதான் வாயில் வந்தது.

மூன்றாம் குறிப்பு. இதை எழுதுவதற்கு முன் என்னையே பலமுறை கேட்டுக்கொண்டேன்: இது பொறாமையா, விமரிசனமா? விமரிசனம்தான் என்று முடிவுசெய்தேன். முடிவு செய்தவன் நானே என்பதால் அதில் சிறிது சந்தேகம் உண்டு.

கடந்த ஞாயிற்றுக்கிழமை அழகுராஜா வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு. அவர் செய்த தட்டைத் தன் வீட்டுப் பின்புற அடுப்பில் மாட்டி, உங்களுக்குக் கொடுத்தனுப்புமுன் சோதித்துப் பார்க்கிறாராம். "வாங்க வாத்தியாரண்ணே, வந்து மார்க்குப் போடுங்க" என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். நான் போய் அடுப்புக்கு முதுகைக் காட்டி, முருங்கை மரத்தைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். முருங்கையில் பூ நன்றாகப் பிடித்திருந்தது. உங்கள் அக்காமார் இருவரும் சீரகச் சம்பா அரிசியை ஊறவைத்து, புளிய விறகைப் பற்றவைத்தார்கள். அந்தத் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கைப்பிடி. பூட்டின் நாக்கைப் போல ஒரு கொக்கியில் அது மாட்டியிருக்கும். லேசாக இழுத்து விட்டால் தட்டு ஒரு குலுங்கு குலுங்கும், சாம்பல் மொத்தமும் கீழே விழும், 'டக்' என்று பழைய இடத்துக்கு வந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் உங்கள் அக்கா அதை இழுத்தாள், விட்டாள், சிரித்தாள், மறுபடி இழுத்தாள். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்! டக்குங்குது!" என்றாள். நான் முருங்கையைப் பார்த்தேன். "ஏங்க, புகையே இல்லைங்க! இம்புட்டு நல்லா எரியுது, செத்தக் குனிஞ்சுதான் பாருங்களேன்!" என்றாள். நான் முருங்கையின் அடுத்த கிளையைப் பார்த்தேன். மாப்பிள்ளை, நான் வாழ்நாளில் பல சாதனங்கள் செய்திருக்கிறேன். தேங்காய்த் துருவிக்கு மூடி செய்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணியடிக்க வைத்தேன். அவற்றில் ஒன்றையாவது அவள் இப்படிக் கூப்பிட்டுக் காட்டியதில்லை. மணியடித்தால், "அதைச் செத்த நிறுத்துங்க" என்பாள்.

"வாத்தியாரண்ணே கோவமா இருக்காரு போல," என்றார் அழகுராஜா. "கோவம் எல்லாம் இல்ல, வெயில்" என்றேன். மேகமூட்டமாக இருந்தது. அதைச் சரிக்கட்ட எழுந்து போய், "இது எப்படி வேலை செய்யுது பார்ப்போம்" என்று அந்தக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தேன். எவ்வளவு இழுக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முழுக்க இழுத்துவிட்டேன். தட்டு ஒருபக்கமாகச் சாய்ந்து, எரிந்துகொண்டிருந்த நெருப்பு மொத்தமும் சாம்பல் குழிக்குள் விழுந்தது. மேலே பிரியாணிச் சட்டி. கீழே வெறும் ஓட்டை. ஜக்கம்மாள், "அய்யய்யோ, மச்சான்!" என்று அலறினாள். எனக்கு இரண்டு நொடி, இரண்டே நொடி, ஒரு நிம்மதி வந்தது. இந்தத் தட்டின் கதை முடிந்தது என்று நினைத்தேன். அழகுராஜா குனிந்து பார்த்துவிட்டுக் கைதட்டினார், மாப்பிள்ளை. கைதட்டினார்! "அண்ணே, சரியா தம் போடுற நேரம் பாத்து இழுத்தீங்க! தணல் கீழ கிடந்து மெதுவா சூடு குடுக்கட்டும்" என்று சொல்லி, குழியிலிருந்து கொஞ்சம் தணலை அள்ளிச் சட்டி மூடிமேல் பரப்பினார். அடிப்பிடிக்காமல், அரிசி உடையாமல், அப்படியொரு பிரியாணி. என் வாயாலேயே கேட்டு இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன். "இனிமே தம்முக்கு இப்பிடித்தான் இழுக்கணும், இது வாத்தியாரண்ணன் கண்டுபிடிச்சது" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். எதிரியின் தட்டில் என் பெயரை ஒட்டவைத்தால் நான் எங்கே போய் அழுவது?

சாப்பிட்டு முடித்து எல்லோரும் உள்ளே போனபிறகு, செருப்பைத் தேடுபவன்போலக் குனிந்து, சாய்ந்து தொங்கிய அந்தத் தட்டைப் பார்த்தேன். கரி படிந்து கறுப்பாக இருந்தாலும் பழகிய கண்ணுக்குக் குறைகள் தப்பாது. என் தட்டைப் போலவே கம்பியின் அடிப்பக்கம் குறுகலாக இருந்தது. ஆக, யோசனை என்னிடமிருந்து போனது என்பது தெளிவு. காப்பியடித்ததையாவது ஒழுங்காக அடித்திருக்கலாம். இடைவெளி மிக அதிகம். அந்த இடைவெளியைத் தேர்ந்தெடுத்தவருக்குக் காற்றோட்டத்தின் அரிச்சுவடியே தெரியாது. அடிப்பக்கம் பாதிதான் ராவியிருந்தது. அரம் பிடித்தவருக்குப் பொறுமை கிடையாது. ஒரு மூலை உதிர்ந்திருந்தது. விருந்தாளிகளுக்குச் சமைக்கிற அடுப்பில் மூலை உதிர்ந்த தட்டை வைப்பவரை என்ன சொல்ல? நான்காவதாக, அந்த 'டக்' சத்தம். சமையலறையில் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் கவனத்தைக் கவரக் கூடாது.

நான்காம் குறிப்பு. உங்கள் அக்கா உங்களுக்குப் போன் செய்து அந்தத் தட்டுதான் வேண்டும் என்று சொல்வாள். அல்லது இந்நேரம் சொல்லியிருப்பாள். அவள் கருத்தைத் தயவுசெய்து கணக்கில் சேர்க்க வேண்டாம். அவள் அடுப்பை அறிவியல் கண்ணோடு பார்ப்பதில்லை; சமைத்துப் பார்க்கிறாள். அடுப்பு விஷயத்தில் சமைப்பவரின் கருத்தை ஒதுக்கலாமா என்று எனக்கே ஒரு தயக்கம் உண்டு. ஆனால் இங்கே நடுநிலை இல்லை. திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அவள் வழிநெடுக ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். "என்ன சிரிப்பு?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. அந்தத் தட்டு எப்பிடிங்க இருந்துச்சு? உண்மையச் சொல்லுங்க" என்றாள். "இடைவெளி தப்பு" என்றேன். "அம்புட்டுத்தானா?" என்றாள். "அம்புட்டுத்தான்." அதற்கும் ஒரு சிரிப்பு. கட்டினவனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு தங்கை வீட்டுக்காரரின் கைவேலையை நினைத்துச் சிரிக்கிற ஒருத்தி சொல்வதை எப்படி நம்புவது?

ஐந்தாம் குறிப்பு. என் இரண்டாவது தட்டைச் சாக்கில் சுற்றி, வத்தலக்குண்டு போகிற பஸ்ஸில் வியாழக்கிழமை நானே கொண்டுவருகிறேன். கொத்தனாரிடம் அதையே வைத்துப் பூசச் சொல்லுங்கள். கொஞ்சம் புகை வரும். அடிக்கடி கம்பியால் குத்திவிட வேண்டியிருக்கும். ஜீவிதா கல்யாணத்தில் சமையல்காரர் ஏதாவது சொன்னால் என்னைக் கைகாட்டிவிடுங்கள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அது எனக்குப் பழக்கம்தான். இதை எழுதும்போதே, தவறான தட்டை உங்கள் வீட்டில் நிரந்தரமாகப் பதித்துவிடச் சொல்கிறேனோ என்று ஒரு பயம் வருகிறது. ஆனாலும் கேட்கிறேன். ஒரு முறையாவது, "யார் செஞ்சது?" என்ற கேள்விக்கு என் பெயர் பதிலாக வரட்டும்.

புது வீடு பால் பொங்குவதுபோல் பொங்கி நிறையட்டும். உங்கள் வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. ஜீவிதா நன்றாகப் படித்து, மாமாவைப்போல யோசித்துக்கொண்டே நிற்காமல், நினைத்ததைச் சட்டென்று சொல்கிற பெண்ணாக வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் பெரிய மாமா,
தங்கமுத்து.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டு, உங்கள் ஊர் பின்கோடு என்ன என்று உள்ளே கேட்டேன். உங்கள் அக்கா, "என்னா எழுதுனீங்க என் தம்பிக்கு?" என்று கடிதத்தைப் பிடுங்கி, நின்றுகொண்டே படித்தாள். மூன்றாம் குறிப்பு வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னாச்சு?"

"அட என் சாமி! அது உங்க தட்டுங்க!"

"எது?"

"அங்க எரிஞ்சதுதான். இரும்புக்காரருக்குப் போடச் சொன்னீங்கள்ல? போடல. அழகுராசா தம்பி கிட்ட குடுத்து, 'இவரு நல்லாத்தான் செஞ்சிருக்காரு, இவருக்குத்தான் நம்பிக்க இல்ல. ஒரு கைப்பிடி மட்டும் போட்டுக் குடுங்க'ன்னேன். அவரு செஞ்சதை ஓரமா வச்சிட்டு இதுக்குக் கைப்பிடி போட்டாரு."

"அப்போ ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா நீங்க நம்புவீகளா? மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீகன்னு சொல்வீங்க. தானா பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் வந்து பாருங்க, வந்து பாருங்கன்னு தொண்ட கிழியக் கூப்பிட்டேன். நீங்கதான் முருங்க மரத்தையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அப்புறம் குனிஞ்சு பாத்தப்பவாச்சும் தெரிஞ்சிருக்கும்னு பஸ்ஸுல கேட்டேன். 'இடைவெளி தப்பு'ங்கிறீங்க!"

"அழகுராஜா ஏன் வாயைத் திறக்கல?" என்று கேட்டேன். "'அண்ணனே கண்டுபிடிக்கட்டும் அண்ணி, அதுவரைக்கும் நான் திட்டு வாங்கிக்கிறேன்'னுட்டாரு" என்றாள். இந்தப் பெருந்தன்மையை நினைத்தால் எனக்கு முன்னைவிடப் பொறாமையாக இருக்கிறது.

கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் விடைத்தாளில் தப்பாகப் போட்ட வரியை அழிக்கக் கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு அதன் கீழே சரியானதை எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவன் நான். ஆகவே திருத்தங்கள் கீழே.

வியாழக்கிழமை நான் தட்டு எதுவும் கொண்டுவரவில்லை. அழகுராஜா கொண்டுவருவார், அதையே வைத்து, குலுங்க இடம் விட்டுப் பூசச் சொல்லுங்கள். உதிர்ந்த மூலை சுவர்ப் பக்கம் இருக்கட்டும். என் இரண்டாவது தட்டைக் காதர் பீவி வாசலில் மிதியடியாகப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார், மண் ஒட்டாதாம். தட்டை யார் செய்தது என்று கேட்டால் தங்கமுத்து என்று சொல்லுங்கள். கைப்பிடி யார் செய்தது என்று கேட்டால் அழகுராஜா என்று சொல்லுங்கள். கேட்டால் மட்டும்.

மூன்றாம் குறிப்பை நான் திரும்பப் பெறவில்லை. அந்தக் குறைகள் எல்லாம் உண்மை. 'டக்' தவிர மற்றவை என்னுடையவை. நான் கோடு போட்டு அடித்திருப்பது நான்காம் குறிப்பை. உங்கள் அக்காவின் கருத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதினேன் அல்லவா, அது தவறு.